பதினாறு பேருக்கு நான் போட்ட டிக்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும். என் ஷிப்டில் வேலை செய்யும் பதினாறு பேருக்கும் மனநலம் நன்றாக இருக்கிறது என்று நானே பாரம் (படிவம்) நிரப்பினேன். அந்தப் பதினாறில் நானும் ஒருவன். ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரிய வேண்டுமே என்று மூன்று பேனா மாற்றினேன். அவ்வளவு பொறுப்பு.

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நான் மண்டோர், அதாவது மேஸ்திரி. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தீயணைப்புப் பயிற்சி, காதுப் பாதுகாப்புப் பயிற்சி, எது வந்தாலும் ஷிப்டுக்கு ஒருவர் போய் உட்கார்ந்து, எல்லோருடைய பாரத்தையும் நிரப்பிக் கொடுத்துவிட்டு வருவார். வாசலில் குலை ஏற்றிய லோரிகள் வரிசை கட்டி நிற்கும்போது எல்லோரையும் வகுப்பில் உட்கார வைத்தால் பழம் கெட்டுவிடும்.

ஊழியர் மனநலப் பயிற்சிக்கும் அப்படித்தான் போனேன். நடத்தியவர் பாதுகாப்பு அதிகாரி கோமதி. கேள்வி இருக்கிறதா என்றார். "மிஸ், எங்களுக்கெல்லாம் மனசு கிடையாது லா, ஓவர்டைம் மட்டும்தான்" என்றேன். அறையே சிரித்தது. அந்த வெற்றிக்கு, தேநீருக்கு வைத்திருந்த கறிபாப் பலகாரம் மூன்று தின்றேன்.

பாரத்தில் ஒரு கேள்வி, இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டிருக்கிறதா என்று. எனக்குத் தூக்கம் கெட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. இரண்டு பேர் வேலையை விட்டுப் போனதிலிருந்து அவர்கள் வேலையும் என் தலையில். மேலாளரின் வாட்ஸ்அப் ஒலி கேட்டாலே போனைக் கவிழ்த்து வைப்பேன். இருந்தும் 'இல்லை'யில் டிக் அடித்தேன். பாய்லர் பார்க்கும் ஆறுமுகம் அண்ணன் மூன்று வருடத்துக்கு முன் மனைவியைப் பறிகொடுத்தவர். அவருக்கும் 'இல்லை'தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, குலை அவிக்கும் கலனுக்குப் பக்கத்தில் இரும்புப் படியில் நின்றிருந்தேன். நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. விரல்கள் மரத்தன. மூச்சு பாதியில் நின்றது. சாகப்போகிறேன் என்பது முதல் நினைப்பு. போட்டிருப்பது கிழிந்த உள்பனியன், டாக்டர் பார்ப்பாரே என்பது இரண்டாவது.

அவசரப் பிரிவில் இ.சி.ஜி. (இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். இரத்தமும் பார்த்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். சந்தோஷப்பட வேண்டியவன், பயந்தேன். ஒன்றுமில்லாததற்கா இப்படி?

சபாக்கில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் மறுபடி வந்தது. காரை ஓரம் கட்டினேன். பக்கத்தில் என் மனைவி வசந்தி. இறங்கிச் சுற்றி வந்து, என்னைத் தள்ளி உட்கார வைத்து, தானே ஓட்டினாள், நேராகக் கிளினிக்குக்கு. பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக அவள், செத்துப் பிழைத்த முகத்தோடு நான். அங்கிருந்தவர்கள் எங்களைப் புதுமாதிரியான தம்பதி என்று நினைத்திருப்பார்கள்.

அங்கிருந்த டாக்டர் அம்மாதான் பெயர் சொன்னார்: பீதித் தாக்கு (எதிரில் ஆபத்து இல்லாதபோதே உடம்பு அபாய மணியை அடிப்பது). பிறகு ஒரு தாளை நீட்டி நிரப்பச் சொன்னார். பார்த்தால், நான் மூன்று பேனாவில் நிரப்பிய அதே கேள்விகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதில் நான் ஏற்கெனவே பதினாறு தடவை பாஸ் பண்ணியிருக்கிறேன் என்று கதையைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை.

"அப்ப மத்த பதினஞ்சு பேரும் எப்படி இருக்காங்க?"

தெரியாது என்றேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெஞ்சு அடைத்தால் இது பீதிதான் என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். முதலில் இதயத்தைக் காட்டுங்கள். டாக்டர் அம்மா கொடுத்த மாதிரி மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். எனக்கு முதல் பத்து நாள் குமட்டலும் கைநடுக்கமும்தான் கிடைத்தன. நிறுத்திவிடலாமா என்று வசந்தியைக் கேட்டேன். "நிறுத்துங்க, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள். தொடர்ந்தேன். டாக்டர் அம்மா அனுப்பிவைத்த மனநல ஆலோசகர் மூச்சை மெதுவாக வெளியே விடக் கற்றுக்கொடுத்தார். நாற்பத்தாறு வயதில் மூச்சுவிடக் கற்றுக்கொண்டவன் நான்.

இரண்டு மாத மருத்துவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினேன். முதல் வேலையாகக் கோமதியிடம் போய்ப் பாரங்களைப் பற்றி ஒப்புக்கொண்டேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். கூடவே, அதே பயிற்சிக்கு மறுபடி வர வேண்டும் என்றார். இந்தத் தடவை முன் வரிசை. கறிபாப் இருந்தது, இறங்கவில்லை. அவர் சொன்னது சின்ன விஷயம்: எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்ட பிறகு வாயை மூடுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். பிரியமாக வைத்திருந்ததை ஒருவர் திடீரென்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தால், சாக நினைக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது.

அன்று மாலை என் ஷிப்ட் பையன்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறுமுகம் அண்ணன் உயிராக வளர்த்த தன் மெர்போக் புறாக்கள் நாலையும் கூண்டோடு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டாராம். பெருசு சாமியாராகப் போகிறது என்று ஒருவன் சிரித்தான். பழைய நானாக இருந்தால் அதைவிட நல்ல ஜோக் ஒன்று அடித்திருப்பேன்.

மறுநாள் காலை பாய்லர் அறைக்குப் போனேன். அண்ணன் அழுத்தமானியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பா பிரிக்கப்படாமல் பக்கத்தில் இருந்தது. எனக்கு என்ன ஆயிற்று என்று முதலில் சொன்னேன். படியில் நின்றது, மாத்திரை, அவர் பெயரில் நான் அடித்த டிக், எல்லாவற்றையும். அவர் திரும்பவில்லை.

"அண்ணே, செத்துப்போயிடலாம்னு ஏதும் தோணுதா?"

கேட்டுவிட்டு வாயை மூடினேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை அதுதான். நாக்கு நுனியில் மூன்று ஜோக்குகள் வந்து நின்றன, விழுங்கினேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. முன்பென்றால் அந்தச் சத்தத்துக்கே ஓடியிருப்பேன். இப்போது அடிக்கட்டும் என்று விட்டேன், இதயத்தின் வேலை அது. லோரிகளையும் பழத்தையும் வைத்து நேரத்தைக் கணக்கிட்டவன், இன்னொரு மனிதர் மூச்சு விடுவதை வைத்துக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மூச்சு. இன்னொன்று. அழுத்தமானியின் முள் அசையவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"கதவ சாத்திட்டு உக்காரு."