தினம் ஒன்று

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் தவளை டீச்சர். உயிரியல் பாடம் எடுத்தவள். தவளையை மேசையில் மல்லாத்தி, குண்டூசி குத்தி, வயிற்றைத் திறந்து, "இதுதான் இதயம், இன்னும் துடிக்குது பாருங்க" என்பாள். முன்வரிசையில் ஒன்றிரண்டு மயங்கி விழும். பின்வரிசை எட்டி எட்டிப் பார்க்கும். வீட்டில் அவளோடு இருந்த அக்கா, புருஷனை இழந்தவள், வாயை மட்டும் இழக்காதவள். "அந்தத் தவளைக்குப் பதிலா ஒரு மாப்பிள்ளையைப் புடிச்சு மல்லாத்தியிருந்தா இந்நேரம் ரெண்டு பிள்ளை இருக்கும்" என்பாள். தங்கை சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

நல்லவள்தான். ஆனால் ரெக்கார்டு நோட்டில் ரப்பர் வைத்து அழித்தால் மட்டும் பொறுக்கமாட்டாள். "தப்பா எழுதிட்டியா? மேல ஒரே ஒரு கோடு போடு. அடிச்சது கண்ணுக்குத் தெரியணும். கீழ சரியானதை எழுதி உன் கையெழுத்தைப் போடு. அழிச்சா நீ என்ன தப்பு பண்ணினேன்னு உனக்கே மறந்துடும்." பத்து வருடம் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது.

சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தால் புதிதாக எதைத் தெரிந்துகொள்வது என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றிவிட்டது. வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கூடத்தில் போய்ச் சேர்ந்தாள். மூன்றாவது மாடி, ஜன்னல் திறக்காத அறை, சுவரோடு சுவராக எலிக் கூண்டுகள். எலிகளுக்குப் புற்றுக்கட்டியை வரவைத்து, அதைக் கரைக்க ஒரு மஞ்சள் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது வேலை. காலை பத்து மணிக்கு ஒரு வேளை, நாள் தவறாமல். ஒவ்வொரு கூண்டின் அட்டையிலும் அவளே எழுதுவாள்: தினம் ஒன்று, காலை பத்து மணி. ஏழு வருடம் எழுதினாள். எத்தனை ஆயிரம் அட்டை என்று யார் கண்டது? கண்ணை மூடிக்கொண்டும் அந்தக் கை அதை எழுதும்.

எட்டாம் நாள் வாக்கில் எலிக்கு வாய் புண்ணாகும். தீனியைத் தொடாது. பத்தாம் நாள் முடி சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கும், படுக்கைத் தூளில் ரத்தம் இருக்கும். அதையும் நோட்டில் எழுதுவாள். எலிதானே.

ஆராய்ச்சியை நடத்திய பெரியவர் ஓய்வு பெற்றார், ஆராய்ச்சி நின்றது, மாடியைப் பூட்டப்போகிறார்கள் என்றார்கள். மிச்சமிருந்த எலிகளை ஒரே மத்தியானத்தில் அவள் கையாலேயே முடிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து குளித்தாள், மறுபடியும் குளித்தாள். அக்கா கேலி பேசாத நாள் அது ஒன்றுதான்.

"எலிக்குக் குடுத்தது போதும்க்கா. மனுஷருக்குக் குடுக்கிறேன்" என்று சொல்லி, முப்பத்தெட்டு வயதில் மருந்தியல் படிக்கப் போனாள். கூடப் படித்ததெல்லாம் இருபது வயசு. "பெரியம்மா, தள்ளி உக்காருங்க, போர்டு மறைக்குது" என்றார்கள். அதையும் தாங்கிக்கொண்டு பாஸ் பண்ணி, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்து மருந்துக்கடையில் நின்றாள்.

அந்தக் கடையில் அவள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினாள். மாத்திரையைப் போட்டுக் கொடுக்கிற காகித உறையில் என்ன எழுதுகிறாளோ, அதையே அப்படியே ஒரு நீள நோட்டிலும் எழுதி வைப்பாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "இது கடையாம்மா, பரீட்சை ஹாலா? வரிசை ரோட்டுக்குப் போகுது!" அவள் காதில் வாங்கமாட்டாள். எட்டு வருடத்தில் ஒரு தப்பு நடந்ததில்லை. டாக்டர் கிறுக்கினதைத் திருத்திக் காப்பாற்றிய உயிர்கள்கூட உண்டு. முதலாளியே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

நாலு கடை தள்ளித் தையற்காரி இருந்தாள். இவள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டு அவள் தைத்ததுதான். "கை நீளம் டீச்சர் உங்களுக்கு. எட்டாத பெட்டியை எடுக்கத்தான் ஆண்டவன் குடுத்திருக்கான்" என்று அளவெடுக்கும்போதே வம்பு பேசுவாள். அவளுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போயிற்று. பெரிய டாக்டரிடம் போய்ச் சீட்டு வாங்கி வந்தாள். வாரத்துக்கு ஒரு மாத்திரை. சீட்டில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது.

அதே மஞ்சள் மருந்து. கட்டிக்குக் கொடுப்பதையே கொஞ்சமாக, வாரம் ஒருமுறை மூட்டுக்கும் கொடுப்பார்கள். கடையில் அதை யாரும் கேட்டு வந்ததே இல்லை. பெயரைப் பார்த்ததும் பழைய சிநேகிதியைப் பார்த்தது போல அவள் முகம் மலர்ந்தது. "இதை எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்" என்றாள். பத்து மாத்திரையை எண்ணி உறையில் போட்டாள். கை எழுதியது. வாய் பேசிக்கொண்டிருந்தது. விளக்கைப் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுவது என்பார்களே, அதுதான்.

"மறக்காம சாப்பிடணும், சரியா?"

"நீங்க எழுதிக் குடுத்துட்டீங்கல்ல டீச்சர், கடிகாரம் தப்பினாலும் நான் தப்பமாட்டேன்."

பத்தாம் நாள் காலையில், கடை திறந்த கையோடு, தையற்காரியின் மகள் வந்தாள். "டீச்சர், அம்மாவுக்கு வாயெல்லாம் புண்ணு. தண்ணி கூட எறங்கல. தடவுறதுக்கு ஏதாவது குடுங்க."

களிம்பை எடுக்கக் கை மேலே போனது. "வேற என்ன பண்ணுது?"

"பல்லு விளக்கினா ரத்தம் வருது. ஒரே சோர்வு. நேத்து வரைக்கும் மாத்திரையை மட்டும் ஒரு நாள் விடல. அதைத்தான் முக்கி முழுங்கிச்சு."

போன கை அங்கேயே நின்றது. பிறகு நோட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்து, திருத்தமாக, சாய்வில்லாமல்: தினம் ஒன்று, காலை பத்து மணி.

பத்து மணி என்று எந்த டாக்டரும் எழுதவில்லை.

வெள்ளைக் கோட்டோடு தையற்காரி வீட்டுக்கு ஓடினாள். மகள் பின்னால் ஓடினாள். இன்னும் பத்து அடிக்கவில்லை. உறையில் ஒரு மாத்திரை மிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பதற்கு முன்பே சொன்னாள்: "ஒன்பது நாள், ஒன்பது மாத்திரை. வாரம் ஒண்ணு குடுக்க வேண்டியது. தப்பா எழுதினது நான்." முறிவு மருந்தின் பெயரையும் அவளே சொன்னாள். டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்த இரைச்சலில் மகள் காதில் எது விழுந்தது, எது விழவில்லை, யாருக்குத் தெரியும்.

மூன்று நாள் போராட்டம். தையற்காரிக்கு வாய் திறக்க முடியவில்லை. இவளைப் பார்த்ததும் வீங்கின விரலைத் தூக்கி, கோட்டின் கைப்பக்கத்தைக் காட்டினாள். தையல் விட்டிருந்தது. கொடுத்துவிட்டுப் போங்கள், தைத்துத் தருகிறேன் என்கிற மாதிரி. நான்காம் நாள் காலை அவள் இல்லை.

முதலாளி கடையின் பின்னறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மோசமான மனிதர் இல்லை.

"யானைக்கும் அடி சறுக்கும். விடு. அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடு. ஆஸ்பத்திரியில பதட்டத்துல உளறிட்டேன்னு சொல்லிக்கலாம். நீ வாரம் ஒண்ணுன்னுதான் எழுதின. அந்தம்மாதான் வெவரம் புரியாம முழுங்கிடுச்சு."

"உறை இருக்கே."

"எங்க இருக்கு? குப்பைக்குப் போயிருக்கும். உன் லைசென்ஸு போனா இந்த வயசுல என்ன பண்ணுவ? திரும்பத் தவளை அறுக்கப் போவியா?"

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது ஆகியிருந்தது. பள்ளிக்கூடமும் போயிற்று, ஆராய்ச்சியும் போயிற்று, இதுவும் போனால் நாலாவதாக ஒன்று இல்லை. பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தாள். கொஞ்சம் கிழியவும் கிழிந்தது, கட்டைவிரல் அளவு. இல்லை என்று சொன்னால் பொய். அப்புறம் நிறுத்தினாள். பேனாவை எடுத்து அந்த வரி மேல் ஒரே ஒரு கோடு போட்டாள். கீழே எழுதினாள்: வாரம் ஒன்று. தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள். அந்தத் திருத்தத்தால் இனி யாருக்கும் ஒரு பயனும் இல்லை. நோட்டை வெள்ளைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முதலாளி தடுக்கவில்லை.

சாவு வீட்டில் தையல் மிஷினைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள். செத்தவளின் அண்ணன், பெண்ணுக்குத் தாய்மாமன், வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கடைக்காரரே வந்து சொன்னார். வாரம் ஒண்ணு போட வேண்டியதாம். இவ தினம் போட்டிருக்கா. அவசரக்காரி. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், சொன்னது ஒண்ணு, செய்யறது ஒண்ணு."

மகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அழுவதா, வெட்கப்படுவதா என்று தெரியாத முகம்.

இவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே யாரும் கூப்பிடவில்லை. அக்கா வழியிலேயே கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்: "மாலையைப் போட்டுட்டு வந்துடு. பேசாதே. உன்னைக் கும்பிடறேன்."

"அண்ணே" என்றாள். "அவங்க சொன்னதைத்தான் செஞ்சாங்க. எழுதினபடியே சாப்பிட்டாங்க. தப்பு என்னோடது."

நோட்டைத் திறந்து நீட்டினாள். தாய்மாமன் வாங்கவில்லை. மகள்தான் எழுந்து வந்து வாங்கினாள். கோடு போட்ட வரியை விரல் வைத்துப் படித்தாள். கோட்டுக்கு அடியில் எல்லாம் தெரிந்தது. அப்புறம் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மடித்த உறையை எடுத்தாள். குப்பைக்குப் போகவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பத்து மணின்னு ஏன் எழுதினீங்க?" என்றாள். "அம்மா பத்தாகுற வரைக்கும் மெஷினை நிறுத்திட்டு, மாத்திரையை உள்ளங்கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். ஒரு நிமிஷம் முன்னப் பின்ன போடாது. டீச்சர் காரணமில்லாம எழுதமாட்டாங்கன்னு சொல்லும். என்ன காரணம்?"

பொய் சொல்ல அப்போதும் வழி இருந்தது.

"எலிக்குக் குடுக்கிற நேரம் அது" என்றாள். "பழைய வேலையில. கை தானா எழுதிடுச்சு."

மகள் திட்டுவாள், அடிப்பாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் திரும்பித் தாய்மாமனிடம் போய், "மாமா, எங்கம்மா சொன்னதைத்தான் செஞ்சிருக்கு. கேட்டுக்கிட்டீங்களா? எல்லாருக்கும் சொல்லுங்க" என்றாள். பிறகு வாசலைப் பார்க்காமலே சொன்னாள்: "நீங்க போங்க. நோட்டு இங்கயே இருக்கட்டும்."

விட்டுவிட்டு வந்தாள். விசாரணையில் அந்த நோட்டே போதுமானதாக இருந்தது. லைசென்ஸ் போயிற்று. கோட்டு வீட்டு ஆணியில் தொங்குகிறது. கைப்பக்கத் தையலைப் போட்டு வைக்கிறேன் என்று அக்கா இரண்டு தடவை ஊசியோடு வந்தாள். இரண்டு தடவையும் தொடவிடவில்லை.