முதல் மீனும் கடைசிப் பீப்பாயும்

“வாலை யாருக்கு வைக்கிறது, சித்தி?”

“முதல்ல கையை எடு. வெட்டுறப்போ குறுக்கே கையை நீட்டாதே. வால் ஈவோன் வீட்டுக்கு. அங்கதான் பல்லு உள்ளவங்க நிறைய.”

“தலை?”

“தலை அனுஷ்காவுக்கு. வேற யாருக்காவது குடுத்தோம், அடுத்த வருஷம் வரைக்கும் மூஞ்சியைத் திருப்பிக்குவா.”

“ஊர்ல எல்லா வீட்டுக்குமா?”

“எல்லா வீட்டுக்கும்தான். ஆத்துக்கு அக்கரையில கூடாரம் போட்டிருக்காங்களே, அவங்களுக்கும்.”

“அவ்வளவு தூரம் போய் வரணும்னா பெட்ரோல்...”

“இருக்கு.”

“ஒரே ஒரு பீப்பாய் இருக்கு. அதுவும் முழுசா இல்ல. வெள்ளிக்கிழமை விருந்தாளிங்க வர்றாங்க சித்தி.”

“சரக்குப் படகு நாளைக்கு வந்துடும். காலையில ரேடியோல சொன்னானே, நீயும்தானே கேட்டே?”

“வரலைன்னா?”

சித்தி கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “மீன் வந்துடுச்சு. வெள்ளிக்கிழமை போகட்டும், அது வரைக்கும் இங்கேயே படுத்திருன்னு அதுகிட்ட சொல்லவா?”

நான் தனியாகக் கிடந்த ஒரு துண்டைக் காட்டி, “இது?” என்றேன்.

“அது லெஸ்டருக்கு. உப்புப் போட்டு வை.”

“அவர் இங்க இல்லையே.”

“ஆள் இல்லைன்னா வீடு இல்லைன்னு ஆயிடுமா? லாட்ஜும் ஒரு வீடுதானே?”

“அப்போ நமக்கு?”

“பிடிச்சவளுக்கு ஏது பங்கு? விரலை நக்கிக்கோ” என்று சொல்லிச் சிரித்தாள்.

விடுதியின் பின்பக்கம், மீன் வெட்டும் மேசையருகே நாங்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். ஜூன் அப்போதுதான் பிறந்திருந்தது. கரையோர வில்லோப் புதர்களில் இலை விரியத் தொடங்கியிருந்தது. விடுதிக்குச் சற்றுக் கீழே நீர் சுழன்று திரும்பும் இடத்தில் சித்தி போட்டிருந்த வலையில், அந்த வருஷம் எங்கள் ஆற்றில் ஏறிய முதல் பெரிய சால்மன் விழுந்திருந்தது. எங்கள் வழக்கப்படி முதல் மீன், பிடித்தவருடையது அல்ல. விரல் அளவு துண்டாக இருந்தாலும் எல்லா வீட்டு அடுப்புக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

மாத்ரோனா பவிலா என் அம்மாவின் தங்கை. ஊரிலிருந்து ஆற்றோடு மேலே போனால் வரும் அந்த மீன்பிடி விடுதியில் பாத்திரம் கழுவத்தான் அவள் முதலில் சேர்ந்தாள். வெளியூர்ச் சமையல்காரர் ஒருவர் ஜன்னலோரம் ஆற வைத்திருந்த ரொட்டிகளை ஒரு கரடி வந்து வரிசையாகத் தின்றதைப் பார்த்துவிட்டு, அடுத்து வந்த விமானத்தில் ஏறிப் போய்விட்டார். அன்று மாலை சித்தி கரண்டியை எடுத்தாள். சித்தப்பா ஆங்கரேஜ் நகரத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பி வராத அந்த வருஷத்தில் அவள் விடுதியின் சாவிகளையும் வாங்கிக்கொண்டாள். குளிர்காலம் முழுவதும் கூரைப் பனியைத் தள்ளுவதும், எஞ்சின்களைப் பார்த்துக்கொள்வதும், எலிகளோடு சண்டை போடுவதும் அவள் வேலை. சமையலறைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில்தான் அவள் மகன், என் தம்பி கஸ்டி வளர்ந்தான். அவன் இப்போது கடலில் மீன்பிடிப் படகில் இருக்கிறான். சித்திக்கு அந்த அறையைத் தவிர வேறு வீடு இல்லை.

அந்த அறைதான் அந்த வசந்தத்தில் கேள்விக்குறியாக இருந்தது. முந்தைய வருஷம் முதல் விருந்தாளிகள் வந்தபோது தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிட்டது. வந்தவர்கள் குளிக்காமல் சில நாள் பொறுத்துவிட்டு, திட்டிக்கொண்டே கிளம்பிப் போனார்கள். விடுதிக்காரர் லெஸ்டர் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் இலையுதிர்காலத்தில் விமானம் ஏறும் முன், “அடுத்த வருஷம் முதல் பயணம் சரியா அமையணும், மாத்ரோனா. இல்லைன்னா சியாட்டிலிலிருந்து ஒரு கூட்டத்தை மொத்தமா வேலைக்குக் கொண்டுவர வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாத்திரம் துலக்கிக்கொண்டே, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல சித்தி இதை என்னிடம் சொன்னாள்.

பள்ளியில் எங்கள் பாஷையான யூபிக்கிலும் ஆங்கிலத்திலும் படித்தவள் என்பதால், விருந்தாளிகளோடு பேச ஆள் வேண்டும் என்று சொல்லி அவள் என்னைக் கூட்டி வந்திருந்தாள். இரண்டு மொழியிலுமே நான் அதிகம் பேசுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

நாங்கள் மெத்தைகளை வெயிலில் போட்டு அடித்தோம். ஆற்றில் இறங்கி நிற்கப் போடும் ரப்பர்க் காலுடைகளில் தண்ணீர் நிரப்பி, ஒழுகும் இடத்தில் ஒட்டுப் போட்டோம். திரும்ப ஆற்றில் விடும் மீனுக்குக் காயம் படாமல் இருக்க, தூண்டில் முட்களின் எதிர்முள்ளை அரத்தால் தேய்த்து மழுக்கினோம். சுழலும் ரீல்களுக்கு எண்ணெய் விட்டோம். ஆற்றுப் பனிக்கட்டி உருகும்போது தள்ளிக்கொண்டுபோன படகுத்துறைப் பலகைகளைச் சேற்றிலிருந்து இழுத்து வந்தோம். குழாயை மட்டும் சித்தி தினமும் காலையில் திறந்து, ஓடும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். இந்தத் தடவை எவ்வளவு மீன் கிடைக்கும் என்று நான் ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “மெதுவாப் பேசு, ஆத்துக்குக் காது இருக்கு” என்றாள். விருந்தாளிகள் கேட்டாலும் அவள் பதில் ஒன்றுதான்: “சாப்பாடு தயாரா இருக்கும்.”

துண்டுகளைப் பாத்திரத்தில் அடுக்கிக்கொண்டு நாங்கள் அன்றே கிளம்பினோம். ஊருக்குப் போனோம். அங்கிருந்து அக்கரைக் கூடாரங்களுக்குப் போனோம். ஊர்க்கோடியில் கிளையாற்றுக்குள் தனியாக இருக்கும் அனுஷ்காவின் வீட்டுக்குப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் தேநீர் குடித்தோம். மீன் எப்படி விழுந்தது என்று ஒவ்வொரு இடத்திலும் சித்தி புதிதாகச் சொன்னாள். ஒரு இடத்திலும் ‘நான் பிடித்தேன்’ என்று சொல்லவில்லை, ‘வந்தது’ என்றுதான் சொன்னாள். திரும்பும்போது ஆறு எதிர்த்து ஓடியது. விடுதிக்கு வந்து பீப்பாயைத் தட்டியபோது அது கோவில் மணிபோல் ஒலித்தது.

மறுநாள் காலை ரேடியோவில் செய்தி வந்தது. அந்தக் குளிர்காலத்தில் பனி குறைவு, ஆற்றில் தண்ணீரும் குறைவு. சரக்குப் படகு முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் மேலே மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டதாம். கடல் நீர் நன்றாக ஏறி வந்தால்தான் நகருமாம். எங்கள் ஊர்க் கடையின் பெட்ரோல் தொட்டியும் அந்தப் படகுக்காகத்தான் காலியாகக் காத்திருந்தது. தூண்டிலுக்கு மீன் கிடைக்கும் இடங்கள் விடுதிக்கு வெகு கீழே இருக்கின்றன. படகு ஓடாவிட்டால் விருந்தாளிகள் தின்பண்டத்தைக் கொறித்துக்கொண்டு ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

சித்தி உருளைக்கிழங்கை எடுத்து, தேவைக்கு மேல் நிறைய உரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் ரேடியோ மறுபடி பேசியது. வாஸிலியின் குரல். கடையின் பெட்ரோல் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் அவர். சித்திக்கு அத்தை மகன். எங்களில் அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் ஒருவரையொருவர் எப்படி வேண்டுமானாலும் கேலி செய்யலாம், கேட்டவர் கோபப்படக் கூடாது. அந்த ரேடியோ ஊரின் எல்லாச் சமையலறைகளிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

“மாமன் மகளே, கேக்குதா?”

“கேக்குது. உன் குரல் கேக்காத இடம் எங்க இருக்கு, சொல்லு, போய்க் குடியேறுறேன்.”

“சரக்குப் படகு மணல்ல உக்காந்துடுச்சாமே.”

“கேட்டேன்.”

“நேத்து என் வீட்டுக்கு மீன் வந்துச்சு. பக்கத்து வீட்டுக்கு வந்துச்சு. அக்கரைக்கும் போச்சு. எதுல போச்சு? நீந்தியா போனே?”

“உனக்கு வந்த துண்டைத் தின்னியா இல்லையா?”

“தின்னேன். கொஞ்சம் பெட்ரோல் வாசம் அடிச்சுது.”

வேறு யாரோ பொத்தானை அழுத்திச் சிரித்துவிட்டு விட்டார்கள்.

“வெள்ளிக்கிழமை உன் விருந்தாளிங்களை எப்படிடீ கீழே கூட்டிட்டுப் போவே?”

“முதுகில தூக்கிட்டுப் போறேன்.”

“கனமா இருப்பாங்க. முதல்ல என்னைத் தூக்கிப் பழகிக்கோ.”

“உன்னைத் தூக்க உன் பொண்டாட்டியே பயப்படுறா. வை ரேடியோவை.”

அவள் ஒலிவாங்கியைக் கொக்கியில் மாட்டினாள். “அவன் சொல்றது சரிதான். லெஸ்டரோட பெட்ரோல். என்னுது இல்ல” என்றாள். யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாமே என்றேன். “மீனைக் குடுத்துட்டு மறுநாளே போய்க் கையை நீட்டுறதா? அது மீனுக்கு விலை கேக்கிற மாதிரி.” அவள் தன் அறைக்குப் போய், கஸ்டியின் பழைய உடுப்புகளை எடுத்து மடித்து ஒரு பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தாள். நான் கதவருகே நின்றுவிட்டு, படகுத்துறைப் பலகைகளுக்கு ஆணி அடிக்கப் போனேன்.

வியாழக்கிழமை மதியம் எஞ்சின் சத்தம் கேட்டது. வளைவைத் திரும்பி ஒரு படகு வந்தது, விளிம்பு தண்ணீரைத் தொடும் அளவுக்கு அமிழ்ந்து. வாஸிலி மாமா ஓட்டிக்கொண்டு வந்தார். முன்னால் ஈவோன் உட்கார்ந்திருந்தார். நடுவில் முழுக்கப் பெட்ரோல் கேன்கள். சிவப்பு கேன்கள், வெயிலில் வெளுத்து இளஞ்சிவப்பானவை, மூடி தொலைந்து துணி அடைத்தவை, சோப்புத் திரவம் வந்த பிளாஸ்டிக் குடுவைகள். ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள ஓர் அடையாளம் கீறியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, விழாமல் இருக்க ஈவோன் இரண்டு கையாலும் பிடித்திருந்த ஒரு பெரிய ஊறுகாய் பாட்டில்.

“இது அனுஷ்காவுது. பனிவண்டியைச் சாய்ச்சுப் போட்டு அதுல இருந்த பெட்ரோலை வடிச்சிருக்கா. ‘தலையை எனக்குத்தானே அனுப்பினா’ன்னு சொல்லிக்கிட்டே வடிச்சா. கொட்டிடாதே, கொன்னுடுவா” என்றார் வாஸிலி மாமா.

“எங்க வீட்ல சொட்டுப் பெட்ரோல் இல்ல. அதான் நானே வந்துட்டேன். வேலை ஏதாவது இருந்தா சொல்லு” என்றார் ஈவோன், வெட்கப்பட்டுக்கொண்டு.

சித்தி படகுத்துறையில் நின்றாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தோம். அவள் வாஸிலி மாமாவின் கயிற்றைப் பார்த்தாள்.

“இதுக்குப் பேரு முடிச்சா? ஒரு படகைக் கட்டத் தெரியாது, இவன்கிட்ட ஊரே தொட்டியைக் குடுத்து வச்சிருக்கு.”

“உன்னை மாதிரி மீனுக்குப் பயணச்சீட்டு வாங்கிக் குடுக்கத் தெரியாதுதான்.”

“உள்ள வா. ரொட்டி இருக்கு. நல்ல வேளை, கரடி இன்னும் வரலை, உனக்குத்தான் முதல் பந்தி.”

அன்று ஈவோன் படகுத்துறையை நிமிர்த்திக் கொடுத்தார். நாங்கள் கேன்களைப் பீப்பாய்க்குள் ஊற்றவில்லை. சித்தி விடவில்லை. சுவரோரம் அப்படியே வரிசையாக நிற்கட்டும் என்றாள். அவர்கள் போனதும் அவள் தனியாக அந்த அறைக்குப் போய், மடித்து வைத்திருந்த உடுப்புகளை மறுபடி எடுத்து அலமாரியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விமானம் தண்ணீரில் இறங்கியது. ஓய்வுபெற்ற ஒரு பல் மருத்துவர், அவருடைய தம்பிகள் இருவர், அவர்களுக்குப் பின்னால் லெஸ்டர். மூட்டைகளை இறக்கும் முன்பே லெஸ்டரின் கண் சுவரோரம் போனது.

“இது என்ன, சந்தையா?”

என்னைப் பேசச் சொல்வாள் என்று நினைத்து நான் முன்னால் வந்தேன். சித்தி என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தானே சொன்னாள். “முதல் மீன் வந்துச்சு. வீடு வீடாக் குடுக்கணும். உங்க பெட்ரோல்ல போனேன். தீர்ந்துடுச்சு. சரக்குப் படகும் வரலை. இது ஊர்க்காரங்களுது. அவங்களுக்கும் இதை விட்டா இல்ல.”

லெஸ்டர் கேன்களின் முன்னால் நடந்துபோனார். ஊறுகாய் பாட்டில் அருகே நின்றார். நான் பல் மருத்துவரின் தூண்டில் குழாயைப் பிடித்தபடி லெஸ்டரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கும் ஒரு துண்டு உண்டா?” என்று கேட்டார் அவர், திரும்பாமலே.

சித்தி உப்புப் போட்டு வைத்திருந்த துண்டைக் கொண்டுவந்தாள். அவர் நின்றபடியே தின்றார். விரலைத் துடைத்துக்கொண்டு, “சரக்குப் படகு வந்ததும் எல்லாத்தையும் நிரப்பித் திருப்பி அனுப்பிடு. அந்தப் பாட்டிலை மறந்துடாதே” என்றார். சியாட்டில் கூட்டத்தைப் பற்றி அப்போதும் பேசவில்லை, அந்த வருஷ இலையுதிர்காலத்தில் சாவிகளை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனபோதும் பேசவில்லை. அவை இன்னும் அவள் இடுப்பில்தான் இருக்கின்றன.

சனிக்கிழமை காலை விருந்தாளிகளோடு படகுகள் கிளம்பிக் கீழே போனபின் சமையலறை அமைதியானது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சித்தி அதை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“நீ பேசு.”

“நானா? என்ன பேசறது?”

“நன்றி சொல்லு. நான் பேசினா கேலியாப் போயிடும், இல்லைன்னா அழுதுடுவேன். முதல்ல நம்ம பாஷையில சொல்லு. அப்புறம் இங்கிலீஷ்லயும் சொல்லு, லெஸ்டர் படகுலயும் ரேடியோ இருக்கு. ஒரு வீட்டையும் விட்டுடாதே. வெறுங்கையோட வந்தவனையும் சொல்லு. ஊறுகாய் பாட்டிலைக் கண்டிப்பாச் சொல்லு.” ஒலிவாங்கியை என் கையில் வைத்தாள். “வாஸிலி பேரை மட்டும் சொல்லாதே.”

“ஏன் சித்தி? அவர்தானே எல்லாத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தார்?”

“அதனாலதான். நன்றின்னு ஒண்ணு சொல்லிட்டா, அதுக்கப்புறம் அவனுக்கு என்னைக் கேலி பண்ண வாய் வராது. எனக்கு அது வேணும். அவனை மட்டும் விட்டுடு, கண்ணு.”