மாவுப் பானைக்குக் கொடுத்த இடம்

தோசைக்கடை நடத்தி என்ன கற்றுக்கொண்டாய் என்று யாராவது கேட்டால் எனக்கு வாய் நிற்காது. தேங்காய்ச் சம்பலை முதலில் வைக்காதே, தோசையை வைத்த பிறகு வை என்பேன். முதலில் வைத்தால் தோசை வருவதற்குள் பாதியை நக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்பார்கள். ருசி பார்க்கக் கை நீட்டுகிறவனுக்கு ஓரம் கருகிய துண்டைக் கொடு, நல்ல துண்டைக் கொடுத்தால் அதோடு போய்விடுவான். மழை நாளில் மாவைக் கூட்டு, வெயில் நாளில் குறை. தோட்டத்துக் கணக்குப்பிள்ளை சாப்பிட்டால் காசு கேட்காதே, ஆனால் நாலாவது தோசை கேட்டால் மாவு தீர்ந்துவிட்டது என்று சொல். இதையெல்லாம் புதிதாகக் கடை போடுகிற பெண்களுக்கு நான் அலுக்காமல் சொல்லியிருக்கிறேன். நான் கற்றுக்கொண்டதில் பெரியது இவை எதுவும் இல்லை. அதை யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம், அதைவிடப் பயம்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான், பிள்ளை இல்லை. நான் கொழுந்து எடுத்தேன். அவர் தொழிற்சாலையில் தூள் சலிக்கிற அறையில் இருந்தார். அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது புருவம், மீசை எல்லாம் தேயிலைத் தூசியாக இருக்கும். கிழவர் வேசம் போட்டிருக்கீங்க என்று கேலி செய்வேன். அந்தத் தூசி மீசையில் மட்டும் படியவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. முதலில் இருமல், பிறகு இழுப்பு. ஒருநாள் தூள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதம் பேரை வெட்டிவிட்டார்கள். என் பேர் இருந்ததால் காம்பரா மட்டும் தப்பித்தது.

அப்போதுதான் எனக்குத் தோசை யோசனை வந்தது. விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, எல்லோரும் வெறும் தேயிலைச் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வருவார்கள். சிலர் மடியில் நேற்றைய ரொட்டி இருக்கும். அந்த நேரத்தில் சுடச்சுடத் தோசை கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? அவரிடம் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்த மனுசன். "நான் உளுந்து ஆட்டித் தர்றேன் புள்ள, அதுக்கு மூச்சு போதும்" என்றார்.

ஆட்டினோம். மாவு பொங்கவில்லை. அது தை மாதம். காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிற குளிர். கரைத்து வைத்த மாவு மறுநாள் காலையில் வைத்த மாதிரியே இருந்தது. ஆள் வராத கல்யாண வீட்டைப்போல அமைதி. அதையே ஊற்றிச் சுட்டுக் கொண்டுபோனேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற அண்ணன் ஒருவர் தோசையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தங்கச்சி, இதக் கால்ல சுத்திக்கிட்டா அட்ட கடிக்காது" என்றார். களமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், உள்ளே எரிந்தது. எனக்கு மூக்கு நுனியில் கோபம். இந்தக் களத்தை என் தோசைக்கு வரிசையில் நிற்க வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பானையைச் சாக்கில் சுற்றினேன். வைக்கோலில் புதைத்தேன். வெந்நீரில் கரைத்துப் பார்த்தேன். சோடா போட்டால் நாக்கு கண்டுபிடித்துவிடுகிறது. எங்கள் காம்பராவில் இரவு முழுவதும் சூடு தங்குகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அடுப்புக்கும் உள்சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அளவு இடம். அடுப்பு அணைந்த பிறகும் மண் தரையும் சுவரும் விடியும்வரை வெதுவெதுப்பாக இருக்கும். இழுப்பு வந்த நாளிலிருந்து அவர் அங்கேதான் படுத்தார்.

நான் கேட்கவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்வேன். ஆனால் பானையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்தபடி நின்றேன். கேட்பதில் வேறு என்ன மிச்சம் இருக்கிறது? "இன்னைக்கு ஒரு நா அங்க வச்சுப் பாரு புள்ள. நான் இப்பிடிக்கா படுத்துக்குறேன்" என்றார். மறுநாள் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினேன். அவரும் எழுந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா" என்றார்.

அந்த ஒரு நாள் முடியவே இல்லை.

தோசை மெத்தென்று வந்தது. அட்டைக்கு மருந்து சொன்ன அண்ணன் ஐந்து தின்றார். சித்திரைக்குள் தோட்டத்தின் பக்கத்து டிவிசனிலிருந்தும் ஆள் வந்தது. ஒரு பானை இரண்டாயிற்று. இரண்டாவது பானைக்கு அடுப்பங்கரையில் இடம் சரியாக இல்லை, ஆகவே அதற்கு எங்களிடமிருந்த ஒரே கம்பளியைச் சுற்றினேன். அவரோ, கொழுந்துக்காரிகள் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு இரண்டைத் தைத்துப் போர்த்திக்கொண்டார். விறகு, ஆட்டுக்கல், அரிசிச் சாக்கு எல்லாம் காம்பராவை அடைத்துக்கொண்டன. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டியவள் நான், எனவே அடுப்புப் பக்கம் நான் படுப்பதுதான் வசதி. மிச்சம் இருந்தது கதவோரம். அந்தக் கதவுக்கடியில் ஒரு கை நுழைகிற சந்து. இதில் எதையும் நான் ஒரே நாளில் செய்யவில்லை. ஒவ்வொன்றும் அந்தந்த நாளில் ரொம்ப நியாயமாக இருந்தது. அவரும் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டையில் எனக்கே உறைத்திருக்கும்.

எனக்கும் ஒரு காரணம் இருந்தது. வட்டகொடை ஸ்டேசன் ரோட்டில் ஒரு சிங்கள முதலாளி தன் கடையோரத்துச் சாய்ப்புக் கொட்டகையைத் தீபாவளியிலிருந்து தருகிறேன் என்று சொல்லியிருந்தார். சாய்ப்பு கிடைத்தால் அடுப்பு நாள் முழுக்க எரியும். இவர் அதன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு காசு வாங்கிப் போடலாம். தூசி இல்லை, குளிர் இல்லை. அவரை அந்த முக்காலியில் உட்கார வைக்கத்தான் இவ்வளவும் என்று நினைத்தேன். பொய்யாக நினைக்கவில்லை. "தீபாவளி வரைக்கும் பொறுத்துக்கங்க" என்பேன். "அதுக்கென்ன புள்ள" என்பார்.

ஆடி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழைக்கு ஓய்வு கிடையாது. சுவர் வேர்த்தது, விறகு புகைந்தது, கதவுக்கடியில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. அவர் இருமல் மாறியது. முன்பு வறட்டு இருமல், இப்போது நெஞ்சுக்குள் ஏதோ கொதிக்கிற சத்தம். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. தூக்கம் கெடுகிறதே என்று கோபம். "கொஞ்சம் அடக்கிக்கங்களேன், நான் வெள்ளன எந்திரிக்கணுமில்ல" என்று ஒருநாள் சொன்னேன். அவர் சாக்கை வாயில் திணித்துக்கொண்டு இருமினார். அந்தச் சத்தம் கேட்டும் நான் தூங்கிவிட்டேன்.

பக்கத்துக் காம்பரா அக்காதான் நச்சரித்து எங்களை டிஸ்பென்சரிக்கு அனுப்பினாள், தானும் தன் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். தோட்டத்து மருந்து ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுசர், ஆனால் ஏசத் தொடங்கினால் வரிசையே நடுங்கும். எங்களுக்கு முன்னால் நின்ற பெண்ணை, நோயாளிப் புருசனைக் கவனிக்கவில்லை என்று அப்படித்தான் ஏசிக்கொண்டிருந்தார். பிறகு இவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், முதுகில் தட்டிப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இவர் ராவிலை எங்கை படுக்கிறவர்?"

வரிசையில் இருபது பேர் நின்றார்கள். பாதிப் பேர் காலையில் என் தோசை தின்றவர்கள்.

"அடுப்போரமாத்தாங்க" என்றேன்.

ஐயா அவரைப் பார்த்தார். "உண்மையே?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "ஆமாங்க. நல்லா சூடா இருக்குங்க" என்றார்.

"அப்ப குளிர் இல்லை, பழைய தூசிதான் வேலை காட்டுது" என்று ஐயா போத்தலில் மருந்து ஊற்றிக் கொடுத்தார். "கதவடியிலை கிடந்திருந்தா உடனை ஆசுபத்திரிக்கு அனுப்பியிருப்பன்." பிறகு முன்னால் ஏச்சு வாங்கிய பெண்ணின் பக்கம் திரும்பி என்னைக் காட்டினார். "இந்தப் பிள்ளையைப் பார். புருசனை எப்பிடி வச்சிருக்கிறா எண்டு பார்."

திரும்பி வரும்போது மழை கொஞ்சம் விட்டிருந்தது. அக்காவை முன்னால் போகவிட்டுக் கேட்டேன், "ஏங்க அப்பிடிச் சொன்னீங்க?"

"நான் வேற மாதிரி சொன்னா எல்லாரு முன்னுக்கும் உன்னயல்ல ஏசியிருப்பாரு" என்றார். நாலு அடி நடந்து நின்று மூச்சு வாங்கினார். "வெரசா நட புள்ள. அரிசி ஊறிக் கெடக்கு."

அன்றைக்கே அவரை அடுப்போரம் மாற்றியிருக்கலாம். மாற்ற நினைத்தேன். ஆனால் மறுநாள் சம்பள நாள். சம்பள நாளில் மூன்று மடங்கு தோசை போகும், அந்த ஒரு நாளை விட்டால் மாதமே போன மாதிரி. நாளை மறுநாள் மாற்றிவிடலாம் என்று பானையை வழக்கமான இடத்தில் வைத்தேன். சம்பள நாளன்று எல்லாத் தோசையும் விற்றது. நான் வெறும் கூடையோடு வீட்டுக்கு வந்தபோது அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. என்னை யார் என்று கேட்டார். கொழுந்து லொறியில் நுவரெலியா ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அதே லொறி அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது.

சாவு வீட்டில் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அக்கா ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அழுதாள். "மருந்தய்யா வாயாலயே சொன்னாரு. அடுப்போரமா வச்சு அப்பிடிப் பாத்தாளே, அந்தச் சாமிக்குக் கண்ணில்லையே." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். என் தலையைத் தடவினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்குப் பேச்சு நன்றாகவே வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் மேல் எனக்குக் கோபமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? "எனக்குக் குளுருது புள்ள" என்று மூன்று சொல். நல்லவராக இருந்தே என்னை இப்படி ஆக்கிவிட்டுப் போய்விட்டார் என்று திட்டினேன். பிறகு அதற்கும் சேர்த்து அழுதேன்.

பதினாறு முடிந்து மறுநாளே மாவு ஆட்டினேன். வயிறு இருக்கிறதே. அடுப்போரத்தில் பானையை வைத்தேன். விளக்கை அணைத்துவிட்டு, என் பாயில் படுக்காமல், அவருடைய சாக்கை எடுத்துக்கொண்டு கதவோரம் போய்ப் படுத்தேன். அவர் பட்டதை ஓர் இரவாவது பட வேண்டும் என்று வீம்பு. மழை பெய்துகொண்டிருந்தது. தரையின் ஈரம் முதலில் இடுப்பில் ஏறியது, பிறகு முதுகில். கதவுக்கடியிலிருந்து காற்று நேராகக் கழுத்துக்கு வந்தது. சாக்கைத் தலைக்கு இழுத்தால் கால் போயிற்று, காலுக்கு இழுத்தால் நெஞ்சு போயிற்று. பல் தானாக அடிக்கத் தொடங்கியது. எனக்கு நெஞ்சில் நோயில்லை, நல்ல உடம்பு, கொழுந்துக் கூடை சுமக்கிற உடம்பு. அவர் அங்கே மூன்று நாலு மாதம் படுத்தார். நான் ஒரு மணி நேரம்கூடப் படுத்திருக்க மாட்டேன்.

எழுந்தேன். என் பாய்க்குக்கூடப் போகவில்லை. தடவிக்கொண்டு நேரே அடுப்போரம் போய், மாவுப் பானையை இழுத்துக் கதவுப் பக்கம் தள்ளிவிட்டு, அந்த வெதுவெதுப்பில் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டேன்.

காலையில் மாவு பொங்கவில்லை. அதையே சுட்டுக் களத்துக்குக் கொண்டுபோனேன். எல்லோரும் வழக்கம்போல வாங்கினார்கள், ஒன்றுகூட மிஞ்சவில்லை. "இன்னைக்குக் கொஞ்சம் தட்டையா இருக்கு தங்கச்சி" என்றார் ஒருவர். தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மலைக்குப் போய்விட்டார்கள்.