மிதித்து ஓட்டச் சொல்லாத மெக்கானிக்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் திறக்க முக்கால் மணி நேரம்கூட ஆகும். அந்த நேரத்தில் என் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் அம்மும், எதிரே டீக்கடையிலும் அம்மும். பக்கத்தில் இருக்கிற காயாரோகணம் அண்ணனின் பட்டறைக்குள் மட்டும் ஈ காக்கை நுழையாது. வண்டி கெட்டுப்போனவன்தானே மெக்கானிக்கிடம் போவான், மற்றவனுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். நானும் பதினொரு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் நாகப்பட்டினத்துக்காரர், கடலுக்குப் போகிற குடும்பம். விசைப்படகு எஞ்சினில் கை பழகி, அப்புறம் ஷார்ஜாவுக்குப் போய் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். அவர் அனுப்பிய பணத்தில் மனைவி கமலவல்லி இங்கே வீடு கட்டினார், மகள் ஆர்த்தியைப் படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார். எல்லாம் முடிந்தபிறகு அண்ணன் ஊருக்கு வந்து சேர்ந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆர்த்திக்குக் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் பார்த்துக்கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சென்னைக்குப் போன கமலவல்லி அங்கேயே இருந்துவிட்டார்.

சண்டை ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேத்தியைக் காட்டுவார்கள். அது "தாத்தா பை" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். பத்தொன்பது வருஷம் புருஷன் இல்லாமல் குடித்தனம் நடத்தியவருக்கு, அவர் பக்கத்தில் இல்லாதது ஒரு குறையாகவே படவில்லை போலிருக்கிறது. எனக்கு அந்த அம்மாள் மேல் கோபம் உண்டு. அண்ணனுக்குக் கிடையாது. "அவளும் என்ன பண்ணுவா வானதி, புள்ளைய யாரு பாத்துக்கறது?" என்பார். சொல்லிவிட்டுப் போய் மதியம் பார்சல் எலுமிச்சை சாதத்தைப் பிரிப்பார்.

பட்டறைக்கு வருகிறவர்களும் அப்படித்தான். சாவியை நீட்டுவார்கள், "எப்ப வரட்டும்ணே?" என்பார்கள், போய்விடுவார்கள். வேலை முடிந்து போன் போட்டால் வருவார்கள், ஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள், போய்விடுவார்கள். அந்த மனுஷரிடம் பேசிய ஆட்களைவிட உறுமிய பவர் டில்லர்கள்தான் அதிகம்.

இப்படி இருக்கும்போதுதான் துரைராசு சாரின் சிவப்புக் கார் வந்தது.

துரைராசு நன்னிலம் பக்கத்தில் நிலபுலன் உள்ளவர். மலேசியாவில் ஜோகூர் பக்கம் இருபத்துநாலு வருஷம் இருந்துவிட்டு, அங்கே ஆசையாக வைத்திருந்த காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர். ஜப்பான் கார். அதில் மற்ற கார்களில் இருக்கிற பிஸ்டன் கிடையாது. மூன்று மூலை வைத்த இரண்டு இரும்புக் கட்டிகள்தான் உள்ளே சுழலும்; ரோட்டரி எஞ்சின் என்று பெயர். திருவாரூரில் ஒருவர், கும்பகோணத்தில் இரண்டு பேர் என்று பானெட்டைத் திறந்து பார்த்து, தொடாமலே மூடிவிட்டார்களாம். காயாரோகணம் அண்ணன் திறந்து பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தேன்.

"ஷார்ஜாவுல இதுங்கள நெறயப் பாத்திருக்கேன் சார். என்ன பண்ணுது?"

"ஒரு அளவுக்கு மேல மிதிச்சா இழுக்க மாட்டேங்குது. கழுத்தப் புடிச்ச மாதிரி நின்னுடுது."

அண்ணன் எனக்கு அதைப் பிறகு விளக்கினார். அந்த எஞ்சினுக்குக் காற்று போக ஆறு வாசல். நாலு வாசல் எஞ்சின் சாதாரணமாக ஓடுவதற்கு. மீதி இரண்டும் உபரி வாசல். வண்டியை நன்றாக மிதித்து, நிமிஷத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம் சுற்று தாண்டினால்தான் அவற்றின் கதவு திரும்பித் திறக்கும். அந்த எஞ்சின் கொஞ்சம் ஆயிலையும் சேர்த்தே எரிக்கும் என்பதால் கரியும் பிசுக்கும் படியும். கதவு திரும்பாமலே கிடந்தால் பிசுக்கு இறுகி அப்படியே ஒட்டிக்கொள்ளும். கல்யாண மண்டபத்து மாடிக் கதவு மாதிரிதான், ஆள் போய்வந்தால் திறக்கும், பூட்டியே கிடந்தால் மக்கர் பண்ணும்.

அதைச் சரிசெய்ய ஒரு நாள் பிடித்தது. எஞ்சின் ஆற வேண்டும். மேலே உட்கார்ந்திருக்கிற காற்றுக் குழாய்களைக் கழற்ற வேண்டும். ஒட்டிய கதவுகளில் பிசுக்கு கரைக்கிற ஸ்பிரேயை அடித்து ஊறப்போட்டு, விரலாலேயே இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்து, கரி வரவரத் துணியால் துடைத்து, மறுபடி ஊறப்போட வேண்டும். குறடு போட்டுத் திருகினால் உடைந்தது என்று அர்த்தம். அந்த ஊறுகிற நேரம் முழுக்க துரைராசு சார் ஸ்டூலில் உட்கார்ந்து ஜோகூர் கதை சொன்னார், அண்ணன் ஷார்ஜா கதை சொன்னார். சாயங்காலம் வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது.

இரண்டு மாதம் கழித்து அதே கோளாறோடு திரும்பி வந்தது. மறுபடி இரண்டு மாதம். அப்படியே வழக்கமாகிவிட்டது.

துரைராசு சார் வருகிற நாள் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்றைக்குக் காலையில் அண்ணன் சவரம் செய்திருப்பார். நாகப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாளிடம் கொடுவா சொல்லி வைத்திருப்பார். பட்டறைக்குப் பின்னால் ஸ்டவ்வில் குழம்பு கொதிக்கும், வாசனை என் கடை வரைக்கும் வந்து என் தயிர் சாதத்தைக் கேலி செய்யும். ஒரு மணி நேரம் ஊறினால் போதும் என்று அவரே சொன்ன கதவு, போகப்போக இரண்டு மணி நேரம் ஊறியது, இரண்டரை மணி நேரம் ஊறியது.

ஒருநாள் நான் கேட்டேன். "ஏண்ணே, இதுக்கு நிரந்தரமா ஒரு வழி கெடையாதா?"

"ஏன் இல்ல? வாரத்துக்கு ஒரு தடவ நல்ல ரோட்டுல ரெண்டாவது கியர்ல வச்சி ஏழாயிரம் சுத்து வரைக்கும் மிதிச்சா போதும். கதவு தானா தொறந்து தொறந்து மூடும், கரி புடிக்காது. இவரு நன்னிலத்துலேர்ந்து வர்ற ரோடு எப்படி? ஒரு பக்கம் வாய்க்கா, இன்னொரு பக்கம் ரோட்டு மேலயே நெல்லக் காயப்போட்டிருக்கான். அதுல முப்பதுக்கு மேல போக முடியுமா? போதாததுக்கு மனுஷன் வண்டியக் கொழந்த மாதிரி வச்சிருக்காரு. அதான் ஒட்டுது."

"அப்ப அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

அண்ணன் ஸ்பானரைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். "சொல்லலாம், சொல்லலாம்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடப்பாவி மனுஷா என்று வாய்வரை வந்துவிட்டது. காசுக்காக இல்லை, ஸ்பிரே டின்னுக்கு மேல் அவர் பெரிதாக எதுவும் வாங்கியதில்லை. அந்தக் கதவு ஒட்டினால்தான் அவருக்கு வருஷத்தில் ஆறு நாள் எதிரே ஒரு மனுஷர் உட்காருவார். எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. ஒருத்தர் சோற்றுத் தட்டை நானா தட்டிவிடுவேன்?

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. போன மாசியில் சம்பா அறுப்பு முடிந்த கையோடு துரைராசு சார் வந்தார். முகமே சரியில்லை. ஊறப்போட்டுவிட்டு அண்ணன் திரும்பியதும் சொன்னார்.

"இதாங்க கடைசி. ஞாயித்துக்கிழம கோயமுத்தூர்லேர்ந்து ஒருத்தன் வர்றான், குடுத்துடப் போறேன். பையன் அரவிந்தன் கத்தறான், சீக்கு வண்டிய எதுக்குப்பா வச்சிக்கிட்டு அலையறீங்கன்னு. அவன் சொல்றதும் சரிதானே? ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா காய்ச்சல் வர்ற வண்டி எத்தன நாளைக்குத் தாங்கும்?"

சொல்லிவிட்டு அந்தக் காரின் மேல் கையை வைத்து நின்றார். மாட்டைச் சந்தைக்கு ஓட்டுகிறவர் மாதிரி இருந்தது. நான் ரசீது புத்தகம் பிரிண்ட் போட்டதைக் கொடுக்க வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டேன். அண்ணன் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் பதைத்தது. பேசாமல் இருந்தால் வண்டி போய்விடும், வண்டியோடு சாரின் வரவும் போய்விடும். உண்மையைச் சொன்னால் வண்டி பிழைக்கும், வரவு போய்விடும், கூடவே மானமும் போய்விடும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் மானமாவது மிஞ்சும்.

அண்ணன் கையில் இருந்த கரித்துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"விக்காதீங்க சார். வண்டிக்கு ஒரு சீக்கும் இல்ல. நீங்க மெதுவா ஓட்டறீங்க, அதான் ஒட்டுது. தஞ்சாவூரு தாண்டி திருச்சி நாலு வழி ரோட்டுல வாரம் ஒருக்கா நல்லா மிதிச்சி ஓட்டுங்க. அப்பறம் இங்க வரவே வேணாம்."

"இது எப்பத் தெரிஞ்சுது?"

"மொத நாளே தெரியும்."

துரைராசு சாருக்கு முதலில் புரியவில்லை. பிறகு முகம் சிவந்தது. "ஏன்யா, ரெண்டு வருஷமா எங்கிட்ட சொல்லல? என் வேலையெல்லாம் விட்டுட்டு ஒரு நாள் முழுக்க இங்க வந்து குந்தியிருந்தேனே, என்ன பைத்தியக்காரன்னு நெனச்சியா?"

"சொன்னா நீங்க வரமாட்டீங்க சார்."

அந்த இடத்தில் நான் ஏன் நின்றேன் என்று ஆகிவிட்டது. கேட் போட்டிருந்தார்கள், வெளியே லாரிக்காரன் ஒருவன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். துரைராசு சாருக்குக் கோபம் இறங்கிக் குரல் மாறியது.

"அட என்னங்க காயாரோகணம்... இதுக்கா? வாங்கன்னு ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

அண்ணன் குனிந்து, கதவைத் துடைத்து முடித்து, எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தார். அன்றைக்கு வைத்த மீன் குழம்பு அப்படியே இருந்தது.

மறுநாள் போன் வந்தது. நாலு வழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தாராம், இருபது வயது குறைந்த மாதிரி இருக்கிறதாம், கோயம்புத்தூர்க்காரனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அண்ணன் அதை என்னிடம் சொல்லும்போது சந்தோஷமாகத்தான் சொன்னார். சித்திரை போனது, ஆனி போனது, ஆடி போனது. கார் வரவில்லை.

ஆவணியில் எனக்குப் பொறுக்கவில்லை. "கூப்பிட்டா வருவேன்னாருல்ல? கூப்பிடுங்கண்ணே."

"என்னன்னு கூப்பிடறது?"

"சும்மான்னுதான் கூப்பிடணும்!"

சும்மா ஒருத்தரை எப்படிக் கூப்பிடுவது என்று அவர் நிஜமாகவே யோசித்தார். பிறகு என் கடையில் நின்றே போட்டார். கையெல்லாம் கிரீஸ் என்பதால் போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் பேசினார்.

"சார், வண்டி எப்படி இருக்கு?"

"பறக்குதுங்க!"

"பொக ஏதாச்சும்?"

"இல்லீங்க."

"ஆயில் பாத்துக்கறீங்களா? காலைல ஸ்டார்ட்டிங்ல ஒண்ணும் தகராறு இல்லியே?"

"ஒண்ணுமே இல்லீங்க. உங்க புண்ணியம்."

கேட்பதற்கு வேறு கோளாறு இல்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். பேசுங்க, பேசுங்க என்று நான் கையை ஆட்டினேன்.

"இல்ல... வண்டிக்கு ஒண்ணும் இல்லன்னாலும் வாங்களேன் சார் ஒருநாள். பஸ்ஸுலயே வாங்க. கொடுவா வாங்கி வக்கிறேன்."

அந்தப் பக்கம் யாரோ சாரைக் கூப்பிடும் சத்தம், பிள்ளைகள் சத்தம், டிவி சத்தம். "குறுவ அறுப்பு நெருங்கிடுச்சு, ஆள் கெடைக்கறதே பெரும்பாடா இருக்கு. அது முடியட்டும், பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நல்ல மனுஷர்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் "பாக்கறேன்" என்று எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

"வருவாரா வானதி?" என்றார் அண்ணன்.

அவர் விரல் பட்டு மேஜையில் ஒட்டியிருந்த கிரீஸை நான் துடைக்க ஆரம்பித்தேன்.

குறுவை அறுப்பு முடிந்தது. தீபாவளியும் முடிந்தது. அவர் வரவில்லை. அதற்கப்புறம் ஒரு நாள் கேட் போட்டிருந்த நேரம். கடையில் உட்கார்ந்தபடி பார்த்தால், அண்ணன் எலுமிச்சை சாதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டில் நிற்கிற வண்டிகளைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துரைராசு சாரை என்ன குறை சொல்கிறேன்? பதினொரு வருஷமாகப் பக்கத்துக் கடையில் இருக்கிறேன், என் ஸ்கூட்டி மக்கர் பண்ணாமல் ஒரு நாளாவது நான் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறேனா?

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தயிர் சாத டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

அண்ணன் பதறி எழுந்தார். "என்னம்மா, ஸ்கூட்டில என்ன கம்ப்ளெய்ன்ட்டு?"

"ஒண்ணும் இல்லண்ணே. சும்மாதான் வந்தேன். உக்காருங்க, சாப்பிடுவோம்."

"சும்மா சொல்லு, பரவால்ல" என்றார். கையைக் கழுவிவிட்டு வெளியே போய், சாவியோடு நின்ற என் ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்து, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, காதைக் கொடுத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.