வீட்டிலும் ஒரு பஸ்

டிப்போவில் அவளைத் தண்ணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டம் முடிந்து வந்து நிற்கும் பஸ்களைக் கழுவுவது அவள் வேலை. அந்த அழுத்தக் குழாய் லேசில் அடங்காது, தோளையே பிடுங்கும். சக்கரத்தில் அடித்தால் சேறு திரும்பி முழங்காலுக்கு வரும். அதனால் விசையை அழுத்தும்போதே இடது காலைப் பின்னால் இழுத்துக்கொள்வது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

வீட்டுக்காரருக்குப் போனில் புகார் கேட்கும் உத்தியோகம். வீடு ஒற்றை அறை. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டு நாற்காலி போட்டுவிட்டால் யாரும் வெளியே போக முடியாது. கல்யாணமான புதிதில் அதுகூட அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அப்புறம் அவர் ஒரு வீடியோ விளையாட்டை வாங்கினார். திரையில் அழுக்கு வண்டி வரும், கழுவ வேண்டும். சண்டை இல்லை, துரத்தல் இல்லை. கொஞ்சப் பேர்தான் இதையெல்லாம் விளையாடுவார்கள் என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை.

“எனக்கு வேணாங்க.”

“தொட்டே பார்க்கல. அதுக்குள்ள வேணாமா?”

அன்று வந்திருந்த நாத்தனார் கட்டிலில் சம்மணம் போட்டிருந்தாள். “அண்ணிக்குப் புதுசுன்னாலே ஆகாதுண்ணா. மனசு கொஞ்சம் விசாலமா இருக்கணும் அண்ணி.”

“இந்த ரூம்ல அதுக்கு இடம் இருக்கா?”

நாத்தனார் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. “ஏன் பிடிக்கலன்னு சொல்லு.”

“நீங்க முட்டைக்கோஸை ஒதுக்கறீங்க. ஏன்னு கேட்டேனா?”

“அது நாக்கு சமாச்சாரம்.”

“இதையும் அப்படியே வச்சுக்குங்களேன்.”

அவர் வைத்துக்கொள்ளவில்லை. முகம் தொங்கிப்போயிற்று. அந்த அறைக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும். அவள் உட்கார்ந்தாள்.

வந்தது பஸ். சக்கரத்தைப் பார்த்து, அவர் கையில் கொடுத்த கருவியின் பொத்தானை அழுத்தினாள். இடது கால் விருட்டென்று பின்னால் போய்க் கட்டில் காலில் இடித்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி இடித்தது.

“நனைஞ்சிடாது அண்ணி,” என்று நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அவரும் சிரித்தார். பிறகு அவள் குதிகாலைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “நாள் பூரா திட்டு வாங்கறேன். ஒரு புகாராவது தீருதா? இங்க கழுவி முடிச்சா மணி அடிக்குது. அதுக்குத்தான்.”

“புரியுதுங்க. நல்லாவே புரியுது. ஆனா பிடிக்கல.”

அவர் தலையை ஆட்டினார். இனி விட்டுவிடுவார் என்று நினைத்தாள்.

“சரி, நீ விளையாட வேணாம்,” என்றார் கனிவாக. “சும்மா பக்கத்துல உட்காரு. தனியா விளையாடினா நல்லா இல்ல.”

திட்டியிருந்தால் எழுந்து போயிருக்கலாம். அவர் நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு கருவியைத் தன் கைக்கு வாங்கினார். அவர் அழுத்தும்போதெல்லாம் அவள் கால் தானாகப் பின்னால் நகர்ந்தது.