எல்லாத் துண்டிலும் ஒரு குமிழி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் 'சீதபேதி அக்கா' என்று பெயர். வைத்த மகராசன் யாரோ, நன்றாயிருக்கட்டும். மனிதக் குடலைப் புண்ணாக்கும் அமீபாவைக் குழாயில் வளர்ப்பவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? பாழாய்ப்போன அதுகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் புது ஊட்டம் மாற்ற வேண்டும். இல்லையென்றால் செத்துத் தொலையும். கைப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையோ ஊரில் அவளுடைய அக்கா வீட்டில் வளர்ந்தது.

அந்த அமீபாவுக்குள், குரோமோசோம்களோடு சேராமல் தனியாக, ஒரு டி.என்.ஏ. வளையம் உண்டு. செல் பிரியும் முன் அது தன்னைப் படியெடுத்துக்கொள்ளும். வளையத்தில் எந்த இடத்தில் படியெடுப்பு தொடங்குகிறது? அந்த ஓர் இடத்தைக் காட்டினால் ஆய்வேட்டில் கையெழுத்து என்று வழிகாட்டி மேடம் சொல்லியிருந்தார். கையெழுத்து கிடைத்தால் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மகளை அழைத்து வந்துவிடலாம். "நேத்து என்னையே அம்மானு கூப்பிட்டாடி. பெரியம்மானு சொல்லுனு அதட்டினேன்," என்று அக்கா போனில் சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வளையத்தைத் துண்டு துண்டாக வெட்டி, மின்சாரம் பாய்ச்சிய ஜெல்லில் ஓட்டிப் படம் எடுப்பாள். தொடங்கும் இடம் உள்ள துண்டு குமிழியாக உப்பும்; படத்தில் வில்லாக வளைந்து விழும். மற்றவற்றில் வில் வராது. ஒரு துண்டில் வில் பளிச்சென்று விழுந்தது. துள்ளினாள். ஆனால் அடுத்த துண்டிலும், அதற்கடுத்ததிலும், மிச்சம் எல்லாவற்றிலும் மங்கலாக விழுந்து தொலைத்தது. கைக்கோளாறோ என்று திரும்பத் திரும்ப ஓட்டினாள். இடுப்பு விட்டுப்போனது, வில் போகவில்லை.

பளிச்சென்ற படத்தை மட்டும் உறையில் போட்டுக்கொண்டு மேடம் அறை வாசல்வரை போனாள். யாருக்குத் தெரியப்போகிறது? அங்கே நின்றவளுக்கு மனசு ஒப்பவில்லை. திரும்பிப் போய் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு வந்து மேசையில் பரப்பினாள்.

"ஒரு இடம்னு ஒண்ணு இல்ல மேடம். எல்லா இடத்துலயும் தொடங்குது."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடேயப்பா! நல்ல விஷயம்மா இது. ஆனா யாரும் லேசுல நம்ப மாட்டாங்க. அமீபாவைப் பட்டினி போட்டு, மறுபடி ஊட்டம் குடுத்து, அப்பவும் எல்லா இடத்துலயும் தொடங்குதானு முதல்லேர்ந்து பண்ணிடு. ஒரு வருஷம் ஆகுமா?"

"ஆகும்," என்றாள். அழக்கூடத் தெம்பில்லை.

குழாய்கள் அடுக்கிய அறைக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டாள். "இந்த வருஷமும் அங்கேயே பள்ளிக்கூடத்துல சேர்த்துடுக்கா."

போனில் அக்காவுக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது.

"அம்மா, போன்ல யாரும்மா?"

இந்த முறை அக்கா அதட்டவில்லை.