இனாஸ் கொடுக்க மறுத்த கை

கேப்டன் ராகிபின் பெயரைக் கேட்டாலே எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி அல்ல, இனாஸைப் பற்றி.

இனாஸ் மன்ஷியா கடைத்தெருவில் ஒரு திரைச்சீலைக் கடையில் வேலை பார்ப்பவள். பகலெல்லாம் ஏணியில் நின்று, கையைத் தூக்கித் திரை மாட்டுவாள். சாயங்காலம் எங்கள் கிளப் குளத்தில் பட்டாம்பூச்சி நீச்சல். அலெக்சாந்திரியாவில் அவள் மாதிரி தோளைச் சுழற்ற ஆளில்லை என்பேன், யார் சண்டைக்கு வந்தாலும் சரி. இரண்டு வேலைக்கும் அதே தோள்தான். அது போனால் பிழைப்பும் போயிற்று, நீச்சலும் போயிற்று.

ரமலானில் பயிற்சி மக்ரிபுக்கு, அதாவது சூரியன் மறைவதற்கு, முன்னால் நடக்கும். நோன்பு திறக்கலாம் என்று ஊர்ப் பீரங்கி முழங்கியதும் ஒருத்தியும் குளத்துப் பக்கம் நிற்கமாட்டாள். பேரீச்சம்பழத்துக்கும் சூப்புக்கும் ஓட்டம்தான். நீந்திச் சூடேறிய உடம்பை மெதுவாக நீட்டித் தளர்த்த வேண்டிய நேரம் அது. அதுதான் சூப்பில் கரைந்துவிடுகிறதே, என்ன செய்வது? நாங்கள் கேப்டன் என்று கூப்பிடும் எங்கள் பயிற்சியாளர் ராகிப் மகா யோசனை ஒன்று கண்டுபிடித்தார். நீட்டல் எல்லாவற்றையும் தண்ணீரில் இறங்கும் முன்பே முடித்துவிடுவது!

குளிர்காலம், ஈரத்தரை, சூடேறாத உடம்பு. ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, ஒருத்தியின் முழங்கைகளை இன்னொருத்தி முதுகுக்குப் பின்னால் இழுத்து ஒட்டவைக்க வேண்டும். ஒட்டாதவள் சோம்பேறியாம். "இழு! இன்னும் இழு!" என்று அவர் கத்துவார். போன ரமலானில் அப்படி இழுத்ததில்தான் என் வலது தோள் போனது. அடுப்பிலிருந்து ஒரு சட்டியை இறக்க மாதக்கணக்கில் தங்கையைக் கூப்பிட்டேன். இப்போது நான் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் துண்டுக்குக் காவல்.

இந்த வருஷம் இனாஸ் உட்காரவே இல்லை. ஓரமாக நின்று கைகளைப் பெரிய வட்டமாகச் சுற்றினாள், காலை முன்னும் பின்னும் வீசினாள், தண்ணீரில் இறங்கி நிதானமாக நீந்தி உடம்பைச் சூடாக்கினாள். பீரங்கி முழங்கியதும் ஒரு பேரீச்சம்பழத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, சுவரில் உள்ளங்கையை ஊன்றி மெல்லத் தோளை நீட்டினாள்.

"என்னம்மா, சுவர் விழுந்துடும்னு தாங்கிப் பிடிக்கிறியா?" என்றார் ராகிப். எல்லோரும் சிரித்தார்கள். அவள் பழத்தை மென்றுகொண்டே நின்றாள்.

பெருநாளுக்குப் பிறகு போட்டி. அணியை முடிவு செய்யும் நாளன்று அவர் நேராக அவளிடம் வந்தார்.

"இன்னைக்கு உக்காரு. கையைக் குடு. இல்லேன்னா அணியில இடம் கிடையாது."

"குடுக்கிறேன் கேப்டன்," என்றாள் இனாஸ், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி. "முதல்ல உங்க ரனீம் கையை இழுக்கச் சொல்லுங்க."

அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. ரனீம் அவர் பெற்ற மகள். அவளும் எங்களோடு பட்டாம்பூச்சி நீந்துகிறவள்தான். ஆனால் தினமும் அவளிடம் மட்டும், "நீ கையைச் சுத்திட்டு இறங்கு" என்பார். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி கண்ணே! மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே என் தோளை இழுக்கவைத்திருக்கிறார்.

"அவளுக்குத் தோள் கொஞ்சம் மென்மை," என்றார்.

"எங்களுக்கு என்ன, இரும்புல செஞ்சு மாட்டியிருக்கா?" என்று பெஞ்சிலிருந்து நான் கத்திவிட்டேன்.

"சஹர், நீ கொஞ்சம் சும்மா இரு," என்றாள் இனாஸ். பிறகு அவரிடம், "நான் காத்திருக்கேன் கேப்டன்."

அவர் மகளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பீரங்கி முழங்கியது. அன்றைக்கு ஒருத்தியும் சூப்புக்கு ஓடவில்லை.

மறுநாளிலிருந்து யார் கையையும் யாரும் இழுக்கவில்லை. எல்லார் தோளும் பிழைத்தது. அணியில் இனாஸ் பெயர் மட்டும் இல்லை. அவள் இடத்தில் யார் தெரியுமா? ரனீம்! வல்லாஹி, அல்லாஹ் மேல் ஆணை, அந்த ஆளின் விசிலைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பேன். இனாஸ்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போட்டிக்கு வராதே என்றேன். வந்தாள். நாங்கள் உட்கார்ந்திருந்த பார்வையாளர் படிக்குக் கீழே ரனீம் பயத்தில் விறைத்து நிற்பதைப் பார்த்ததும் எழுந்து நின்று கூவினாள்: "ஏய் பொண்ணே, கட்டை மாதிரி நிக்காதே! கையைச் சுத்து!" அந்தப் பெண்ணும் சுற்றினாள். எனக்கு இருந்த ஆத்திரத்தில் இனாஸையே கிள்ளினேன்.

நீந்தி முடித்த ரனீம் அப்பாவிடம் போகவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட எங்களுக்குக் கீழே இருந்த சுவருக்கு வந்து, உள்ளங்கையை ஊன்றினாள்.

"அக்கா, இப்படித்தானே?"

"தோளைத் தூக்காதே. வலிக்க விடாதே. மெதுவா."

மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து சுவரோரம் நின்றார்கள். ராகிப் விசிலை ஊதினார். "சீக்கிரம்! பஸ் கிளம்புது!"

ஒருத்தியும் நகரவில்லை.